ஒன்பது மாப்பிள்ளைக் கோட்டு

அந்தக் கோட்டு கறுப்பா கருநீலமா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் திடமாகச் சொல்லத் தெரியாது. கறுப்பு என்றுதான் நினைவில் இருக்கிறது. ஆனால் என் நினைவில் இருப்பதில் பாதி பிறர் சொல்லிச் சொல்லி அங்கே வந்து உட்கார்ந்தது. சாம்சன் கோட்டைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டது புதன்கிழமையா வியாழக்கிழமையா என்பதும் குழப்பம்தான். தலையணை உறை விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைத் தெருவே பார்த்தது.

காஞ்சிபுரத்துப் பக்கம், பெருநகர் என்ற ஊரை ஒட்டி, சர்ச்சுத் தெரு என்று ஒரு தெரு. ஐம்பது வீடு இருக்கும். அந்த ஐம்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கோட்டு. பதினாறு வருஷத்துக்கு முன்பு பீட்டர் தன் கல்யாணத்துக்காகச் சென்னையில் வாங்கி வந்தது. நடைபாதைக் கடையில், விளக்கு வைத்த பிறகு வாங்கினார். கடைக்காரன் கறுப்பு என்றான், இவரும் கறுப்பு என்று கொண்டுவந்தார். வாங்கும்போதே அது பழசு என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து தெருவில் எந்தப் பையனுக்குக் கல்யாணம் என்றாலும் அந்தக் கோட்டுதான். பேண்ட்டை மட்டும் அவரவர் கறுப்பில் தைத்துக்கொள்வார்கள். ஒல்லியானவன் போட்டால் முதுகில் நான்கு ஊக்கு குத்துவார்கள். குண்டானவன் போட்டால் பட்டன் போடாமல், பைபிளை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். இப்படி ஒன்பது பேர் அதற்குள் நின்று சம்மதம் என்று சொல்லியிருந்தார்கள்.

கோட்டைத் தண்ணீரில் போடக் கூடாது என்று பீட்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் அதை யாரும் எதிலும் போடவில்லை. ஒவ்வொரு கல்யாணமும் முடிந்ததும் ஒரு தட்டுத் தட்டி, இரண்டு பாச்சை உருண்டையைப் பாக்கெட்டில் போட்டு, பழைய போர்வையில் சுற்றிப் பீட்டர் வீட்டு பீரோவுக்குள் வைத்துவிடுவார்கள். உள்ளே அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது அதற்கே வெளிச்சம்.

அந்தக் கோட்டு போடாமல் கல்யாணம் செய்துகொள்ள முடியாதா என்றால், ஒருவர் செய்துகொண்டார். சாம்சனுக்கு அண்ணன் முறை. காஞ்சிபுரத்தில் வாடகைக்குப் பளபளவென்று ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு நின்றார். மூன்றாம் மாதம் தாய்வீட்டுக்குப் போன அவர் மனைவி திரும்பி வரவில்லை. அவர் தினமும் குடித்துவிட்டு வந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று தெருவில் யாரும் சொல்லவில்லை. கோட்டுதான் காரணம் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

பத்தாவது முறை சாம்சனுடையது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டால் அவன் பதிலைத் தேடிப் போய்த் திரும்பி வருவதற்குள் கேட்டவர் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார். சாலவாக்கத்துப் பெண் சோபியா. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். சபையில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சோபியா ஆட்சேபம் சொன்னாள்.

"கோட்டு போட்டுக்கினு வா, நான் வேணாங்கல. தொவச்சிப் போட்டுக்கினு வா."

"அத்த தண்ணில போடக் கூடாதாம்."

"அப்ப நான் கோயிலுக்கு வர மாட்டேன்."

சாம்சன் போனைக் காதில் வைத்தபடி யோசித்தான். சோபியா காத்திருந்தாள். அவனுடைய மௌனங்களுக்கு அவள் அதற்குள் பழகியிருந்தாள்.

"கீர்த்தி கல்யாணத்துக்கு நான்தான தோழிப்பொண்ணு," என்றாள். "பிரகாஷ் அந்தக் கோட்ட மாட்டிக்கினு எனக்கு ஒரு அடி தள்ளி நின்னுக்கினு இருந்தாரு. ஒம்போது பேர் வேர்வ. அதுக்கு மேல அரை டப்பா பவுடரு. அதுக்கும் மேல சாராய வாசன. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. நான் ஜெபத்துல உருகறேன்னு நெனச்சிக்கினு பாஸ்டர் இன்னும் பத்து நிமிஷம் ஜெபம் பண்ணாரு."

"வேற கோட்டு வாடகைக்கு எடுக்கட்டா?"

"எடு. எனக்கு இன்னா."

அம்மாவிடம் சொன்னான். சிட்டம்மாள் நாற்று நட்டுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய காலை மறுபடி சேற்றிலேயே வைத்து நிமிர்ந்தாள்.

"வாடகக் கோட்டா? உங்கண்ணன் வாங்கினு வந்தானே, அந்த மாதிரியா? நைனா, அந்தக் கோட்டு போடாத கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

ஆக, கோட்டு துவைக்கப்படாவிட்டால் பெண் வர மாட்டாள். கோட்டு இல்லாவிட்டால் அம்மா வர மாட்டாள். அதைத் துவைக்கவும் கூடாது. சாம்சன் அன்று சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

வழியைச் சோபியாவே சொன்னாள். அவள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு டிரை கிளீனிங் கடை இருந்தது. துணியை அங்கே வாங்கி வேனில் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் பட்டறைக்கு அனுப்புவார்கள். தண்ணீரே படாது என்றாள்.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்தபோது சாம்சனின் அம்மா குழாயடியில் ஒரு கையில் கோட்டோடும் இன்னொரு கையில் சோப்புக் கட்டியோடும் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"டவுன்ல குடுக்கப் போற. இவ்ளோ அழுக்கா குடுத்தா அந்தக் கடக்காரம்மா நம்மள இன்னா நெனப்பா? சும்மா மேலாக்க ஒரு தேய் தேச்சி குடுத்துடலாம்னு."

"அழுக்கா இருந்தாதாம்மா அவங்க வாங்கவே வாங்குவாங்க."

அது சிட்டம்மாளுக்குப் புரியவில்லை. அழுக்கைப் பிறர் கண்ணில் காட்டுவதற்குக் காசு வேறு கொடுப்பதா என்று முனகினாள். ஆனால் கோட்டைக் கொடுத்துவிட்டாள். அவன் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, பரண்மேல் இருந்த சென்ட் பாட்டிலை எடுத்துப் பாதியை அதன்மேல் ஊற்றினாள். விருந்தாளி வீட்டுக்குப் போகிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி.

கடையில் கனகா என்று ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். பையைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு செத்தது?"

"கல்யாணக் கோட்டுக்கா."

"சென்ட் இன்னாத்துக்கு? அதுல கீற ஸ்பிரிட்டு பட்ட எடத்துல சாயம் வுட்டுடும் தம்பி. துணி குடுக்க வரும்போது சென்ட் அடிக்கக் கூடாது, தண்ணி தொட்டுத் தொடைக்கக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது. எப்டி கீதோ அப்டியே கொண்டாரணும். டாக்டராண்ட போறப்போ இருமல மறைச்சிக்கினா போவோம்? பேண்ட் எங்க?"

"பேண்ட் அவங்கவங்களுது."

"இன்னாது?"

சாம்சன் விளக்கினான். ஒன்பது மாப்பிள்ளைகளையும் சொன்னான். கனகா கேட்டுக்கொண்டே கோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"கோட்டும் பேண்ட்டும் ஒண்ணா குடுத்தாதான் வெளுத்து வந்தாலும் ரெண்டும் ஒரே மாதிரி வரும்," என்றாள் கடைசியில். "இல்லன்னா மேல ஒரு கலரு கீழ ஒரு கலரு. அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

பிறகு பாக்கெட்டுகளைக் கவிழ்த்தாள். மூன்று ஊக்கு, ஒரு பல்குச்சி, பாதி சப்பிக் காகிதத்தில் மடித்து வைத்த மிட்டாய், பாச்சை உருண்டையின் தூள், உத்திரமேரூர் பஸ் டிக்கெட் ஒன்று. உள்பாக்கெட்டின் மூலையிலிருந்து கோலிக்குண்டு மாதிரி கறுத்துச் சுருங்கிய ஒன்று உருண்டு விழுந்தது. கனகா அதை மோந்து பார்த்தாள்.

"எலுமிச்சம்பழம். நீங்க வேதக்காரங்கதான?"

"கண்ணு படக் கூடாதுன்னு யாரோட அம்மாவாவது வெச்சிருப்பாங்க."

"எங்க சாமியும் உங்க சாமியும் ஒரே பாக்கெட்ல தங்கினு இருந்துருக்காங்க, பாவம்," என்று அதைக் குப்பையில் போட்டாள்.

டிரை கிளீனிங் என்றால் என்ன செய்வார்கள் என்று சாம்சன் கேட்டான். அவன் தானாக ஒரு கேள்வி கேட்பது அபூர்வம். மிஷின் சமாச்சாரம் என்பதால் கேட்டான்.

"பேருதான் டிரை. துணி நல்லாவே நனையும். தண்ணிக்குப் பதிலு ஒரு மருந்து, அவ்ளோதான். மோந்தா பெட்ரோலு மாதிரி அடிக்கும். உங்க வூட்டு வாஷிங் மிஷினுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு மிஷினு. அதுக்குள்ள மருந்து எறங்கும், துணி சுத்தும். எண்ண, பிசுக்கு எல்லாத்தையும் கரச்சி இஸ்துக்கினு வந்துடும். அப்புறம் சூடு குடுத்து அந்த மருந்த ஆவியாக்கி, திரும்பப் புடிச்சி வெச்சிக்கும். ஒரு சொட்டு வெளிய வுடாது. அப்டி ஒரு கஞ்ச மிஷினு."

"அப்ப கறை எல்லாம் போயிடுமா?"

"எண்ணக் கறை தானாவே போயிடும். டீ, ஜூஸு, வேர்வ, ரத்தம், இதெல்லாம் தண்ணிக்குச் சொந்தக்காரங்க. மருந்துக்கு இவங்கள அடையாளமே தெரியாது. மிஷினுக்குப் போறதுக்கு முன்னாடி கையாலதான் எடுக்கணும். அதுக்குன்னு பட்டறையில புருஷோத்தமன்னு ஒருத்தரு கீறாரு. ஒவ்வொரு கறைக்கும் ஒவ்வொரு சீசா வெச்சிருப்பாரு. அவருக்கு இது இன்னா கறைன்னு தெரியணும். தெரியாம வுட்டா இஸ்திரி சூட்டுல கறை உள்ள போய் குந்திக்கும். அதுக்கப்புறம் உங்க ஏசுவே எறங்கி வந்தாலும் போவாது."

கோட்டை மேஜையில் விரித்து விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். அழுக்கை விட்டுவிட்டுப் பார்த்தால் பெரிய கறை மூன்று. இடது கையின் நுனியில் ஒன்று. உள்பாக்கெட்டில் ஒன்று. கழுத்துப்பட்டையின் உள்பக்கம் பட்டையாக ஒன்று. மூன்றிலும் நம்பர் எழுதிய சின்னத் துணித் துண்டுகளை ஊக்கால் குத்தினாள். ஒரு தாளை நீட்டினாள். கறை எண், எதனால் வந்தது.

"எனக்கு எப்டிக்கா தெரியும்? நான் இத்த இன்னும் போடவே இல்ல."

"போட்டவங்கள கேளு. ராத்திரிக்குள்ள போன்ல அனுப்பிடு, காலைல வேன் வருது. உண்மையக் கேட்டு எழுது தம்பி. மானத்துக்குப் பயந்து எழுதினா துணிதான் கெட்டுப்போவும்."

சாம்சன் மூன்று கறையையும் போனில் படம் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். படத்தைக் காட்டினால் எந்த ஆளும் தன் கறையை உடனே அடையாளம் கண்டுகொள்கிறான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டான். முகத்தில் ஒரு மாற்றம் வரும். அதற்குப் பிறகு வருவதுதான் பொய்.

கை நுனிக் கறை வரதனுடையது. கொத்தனார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற ஆள்.

"பாயசம்," என்றார். "அன்னிக்கு சேமியா பாயசம் போட்டாங்க. ஊத்திக்கிச்சி."

உள்ளேயிருந்து அவர் மனைவி சித்ராவின் குரல் வந்தது. "ஏன் பொய் சொல்ற? பாயசம் போட்டது சாப்பாட்டுல. நீ அழுதது கோயில்ல."

"ஏய், சும்மா இரு."

"தாலி கட்றதுக்கு முன்னாடியே அழ ஆரமிச்சிட்டாரு தம்பி. எங்கப்பாகூட அன்னிக்கு அழல. மூக்க ஒழுக வுட்டுக்கினு, கர்ச்சீப் இல்லாம, இந்தக் கையிலயே மாத்தி மாத்தித் தொடச்சிக்கினாரு. எழுது. சளின்னு எழுது."

வரதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாம்சன் முதல் எண்ணுக்கு எதிரே 'மூக்குச் சளி' என்று எழுதினான்.

உள்பாக்கெட் பிரகாஷுடையது. ஒன்பதாவது மாப்பிள்ளை. "கூல் டிரிங்க்ஸ்," என்றான்.

கீர்த்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "கோயிலுக்குள்ள கூல் டிரிங்க்ஸ் எடுத்தாந்தவரு உலகத்துலயே இவரு ஒருத்தருதான். பிராந்திண்ணா. மூடி சரியா மூடல. முழங்கால் போட்டு ஜெபம் பண்றப்போ கவுந்துக்கிச்சி."

"பாஸ்டராண்ட போயிடாதே தாளு?" என்று பிரகாஷ் கேட்டான். போகாது, செங்கல்பட்டுக்குத்தான் போகும் என்றதும் ஒப்புக்கொண்டான்.

கழுத்துப்பட்டைக்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. கடைசியாகச் சாம்சன் பீட்டர் வீட்டுக்குப் போனான்.

பீட்டர் கரிசலாங்கண்ணித் தைலம் விற்கிறவர். மொபெட்டில் இரண்டு பக்கமும் பாட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாலவாக்கத்திலிருந்து கூரம் வரைக்கும் போவார். விளம்பரத்துக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றுவார், அவ்வளவுதான். நாற்பத்தேழு வயது என்று சொல்லிக்கொள்ளும் ஆளுக்கு ஒரு நரை இல்லாமல் கருகருவென்று முடி. பெண்கள் பாட்டிலை வாங்கிக்கொண்டு போவார்கள். சிட்டம்மாள் ஐந்து வருஷமாகத் தடவுகிறாள். அவள் முடி நரைத்துக்கொண்டேதான் இருந்தது. அதற்குப் பீட்டர், "உனக்கு உடம்பு சூடு அதிகம்" என்று காரணம் சொல்லியிருந்தார்.

அன்று அவர் மனைவி பிரிஸ்கில்லா வீட்டில் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கூரத்துக்குப் போயிருந்தாள். பின்பக்கம் இரும்புச் சட்டியில் தைலம் கொதித்துக்கொண்டிருந்தது. பீட்டர் கரண்டியை வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது என் தைலம்," என்றார். "கழுத்துல எறங்கியிருக்கு. எழுதிக்கோ. கரிசலாங்கண்ணித் தைலம். ஒரிஜினல்."

"எண்ணதான? எண்ணக் கறை மருந்துல தானாவே போயிடும்னு கடக்காரம்மா சொன்னாங்க."

"சுத்தமான எண்ண."

அவர் காது மடலின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. மச்சம் என்று சாம்சன் நினைத்துக்கொண்டான். மூன்றாம் எண்ணுக்கு எதிரே 'தலை எண்ணெய்' என்று எழுதி, தாளைப் படம் பிடித்துக் கனகாவுக்கு அனுப்பினான்.

திங்கட்கிழமை மத்தியானம் கோட்டு வந்துவிட்டது. கல்யாணம் புதன்கிழமை. சோபியாவும் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வந்து நின்றாள். கனகா பிளாஸ்டிக் உறையோடு கோட்டைக் கொக்கியில் மாட்டினாள். பட்டன்களைச் சுற்றியிருந்த வெள்ளிக் காகிதத்தை ஒவ்வொன்றாக உரித்தாள். மருந்தில் பட்டன் இளகிவிடும், அதற்குத்தான் இது என்றாள்.

சாம்சன் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இது வேற யாருதோ."

"நம்பரப் பாரு. உன்னுதுதான்."

"எங்களுது கறுப்பு."

சோபியா உறையைத் தூக்கித் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். துணிக்கடையில் நிற்கிறவள். "இது நேவி ப்ளூ," என்றாள். "எப்பவுமே நேவி ப்ளூவாதான் இருந்துருக்கும். மேல கறுப்பா இருந்தது உங்க தெரு மாப்ளைங்க ஒம்போது பேரு." மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சாம்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"சரி, கோயிலுக்கு வரேன்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

கோட்டோடு ஒரு சீட்டு ஊக்கால் குத்தியிருந்தது. புருஷோத்தமனின் கையெழுத்து, மணி மணியாக இருந்தது. ஒன்று, போய்விட்டது. இரண்டு, போய்விட்டது. மூன்று, எண்ணெய் என்று எழுதப்பட்டுள்ளது. எண்ணெய் இல்லை. தலைக்குப் பூசும் டை. போகாது.

சாம்சன் அதை இரண்டு முறை படித்துச் சட்டைப் பையில் வைத்தான். காது மடலில் இருந்த மச்சம் ஞாபகம் வந்தது.

"வூட்டுக்குப் போனதும் உறையக் கழட்டிடு," என்றாள் கனகா. "காத்துல தொங்க வுடு. மூடியே வெச்சா மருந்து வாசன போவாது."

வீட்டு வாசலில் கொடியில் உறையைக் கழற்றிக் கோட்டைத் தொங்கவிட்டான். சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்தது. வெயிலில் அது நீலம் என்பதைக் குருடனும் சொல்லிவிடுவான். சிட்டம்மாள் வெளியே வந்து பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"இது நம்ம கோட்டு இல்ல."

"நம்மளுதுதாம்மா. அழுக்கு போயிடுச்சி."

"அழுக்கு போனா கலரா மாறும்? உன்னக் கூடத்தான் சின்னப் புள்ளைல தேச்சித் தேச்சிக் குளிப்பாட்டுனேன். நீ கலரு மாறினியா? ஏமாந்துட்டுக் கீற. மாத்திக் குடுத்துட்டாளுங்க. இத்தப் போட்டுக்கினு நீ கோயிலுக்குப் போனா நான் வர மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அப்பா செத்துப் பதினெட்டு வருஷம், அவளுடைய வார்த்தை ஒன்றுதான் அந்த வீட்டுக்குக் கூரையாக இருந்தது. அம்மா வராத கல்யாணத்தில் நின்று தாலி கட்டத் தன்னால் முடியாது என்று சாம்சனுக்குத் தெரியும். வேறு கோட்டு என்றாலும் இதே கதை. பழைய கறுப்பு இனி உலகத்திலேயே இல்லை.

தெரு கூடிவிட்டது. வரதன் இடது கையை எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லாததைக் கண்டு நிம்மதியாகி, "நம்ம கோட்டு மாதிரி தெரியல" என்றார். பிரகாஷும் உள்பாக்கெட்டைப் பார்த்துவிட்டு அதையே சொன்னான். கோட்டைக் காத்து வந்தவர் பீட்டர், அவர் வந்து சொல்லட்டும் என்றார்கள்.

பீட்டர் வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கோட்டைத் தடவினார். கழுத்துப்பட்டையைத் திருப்பினார். நீலத்துக்கு நடுவே கறை பட்டையாக, மைபோலக் கிடந்தது. முன்பு கறுப்பில் கறுப்பாகக் கலந்திருந்தது, இப்போது தனியாக எழுந்து நின்றது. பீட்டர் பட்டையைச் சட்டென்று மடித்துவிட்டார். அவர் பார்த்ததைச் சாம்சன் பார்த்தான்.

"இது நம்மளுது இல்ல," என்றார் பீட்டர்.

சாம்சன் சட்டைப் பையில் இருந்த சீட்டைத் தொட்டான். எடுத்துப் படித்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பீட்டரின் வியாபாரமும் அதே நிமிஷத்தில் முடிந்துவிடும். இந்தத் தெருவில் மட்டும் முப்பது வீட்டில் அந்தப் பாட்டில் இருக்கிறது. அவன் நின்றான். அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். கொடிக்கயிற்றில் கோட்டு மெல்ல ஆடியது. யாரோ இருமினார்கள். அவன் இன்னும் நின்றான். அந்தச் சமயத்தில் பெருநகர் பஸ் வந்து, ஆளை இறக்கிவிட்டு, கிளம்பியும் போய்விட்டது என்று சொல்கிறார்கள்.

சீட்டைச் சாம்சன் எடுக்கவில்லை.

"பீட்டரண்ணா," என்றான். "நம்ம கோட்டுல கழுத்துல ஒரு கறை இருந்திச்சில்ல? இதுலயும் அதே எடத்துல கீது பாருங்க. அப்ப இது நம்மளுதுதான?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மாதிரிதான். பீட்டர் யோசித்தார். அவருடைய மூளை அந்த நேரத்தில் வேலை செய்திருக்க வேண்டாம்.

"கறை இருந்திச்சி. ஆனா அது எண்ண. எண்ணக் கறை மருந்துல தானாவே போயிடும்னு அந்தக் கடக்காரம்மா சொல்லிச்சின்னு நீதான எங்கிட்ட சொன்ன? இது போவல. அப்ப இது எண்ண இல்ல. அப்ப இது நம்ம கோட்டு இல்ல."

கூட்டம் தலையாட்டியது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. சிட்டம்மாள் உள்ளே போகத் திரும்பினாள்.

"நில்லு யக்கா."

பிரிஸ்கில்லா. கையில் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் கூட்டத்தின் பின்னால் எப்போதிலிருந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் வந்து கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பையைச் சாம்சன் கையில் கொடுத்தாள். தன் வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தலையணை உறை இருந்தது. துவைத்து மடித்தது. அதன் நடுவில் ஒரு தலை அளவுக்குக் கறுப்பாகக் கறை.

உறையைக் கழுத்துப்பட்டைக்குப் பக்கத்தில் வைத்து வெயிலில் பிடித்தாள். ஒரே மை, ஒரே ஓரச் சிவப்பு. அக்கா தங்கை மாதிரி இருந்தன.

"பதினாறு வருஷமா இத்தத் தொவச்சிக்கினு கீறேன்," என்றாள். "எந்தச் சோப்புக்கும் போவாது. செங்கல்பட்டு மருந்துக்கு மட்டும் எப்டிப் போவும்?"

"பிரிஸ்கில்லா," என்றார் பீட்டர்.

"நீ கம்முனு இரு. பையனுக்கு நாளான்னிக்குக் கல்யாணம்."

சித்ரா கேட்டாள்: "உனக்கு எப்பத் தெரியும் அண்ணி?"

"கல்யாணத்தன்னிக்கே. பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன். ஃபேன் இல்ல. காதுக்குப் பின்னாடி கறுப்பா வேர்வ எறங்கிச்சி, கோட்டுல சொட்டிச்சி. மொதல்ல ஆளுக்கு இன்னா நோவோன்னு பயந்துட்டேன்."

"அப்பவே கேட்டுருக்கலாம்ல?"

"தாலி கட்டியாச்சே," என்றாள் பிரிஸ்கில்லா. உறையை மடித்தாள். "அப்புறம் அவரு கஷ்டப்பட்டு மறைச்சிக்கினு இருந்தாரு. நானும் வுட்டுட்டேன்."

பீட்டர் தொப்பியைக் கழற்றவும் இல்லை, சரிசெய்யவும் இல்லை. சிட்டம்மாள் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நான் அஞ்சு வருஷமா தடவினு இருந்தது இன்னா?"

"தைலம்தான்," என்றார் பீட்டர் தாழ்ந்த குரலில். "நல்ல தைலம். தலைக்குக் குளுந்துகினு கீதா இல்லியா?"

சிட்டம்மாள் யோசித்தாள். "குளுந்துகினுதான் கீது," என்று ஒப்புக்கொண்டாள். கோட்டுக் கிட்டே போனாள். கறையின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "நம்மளுதுதான்," என்றாள். "ஆனா கறுப்பா இருந்தப்போ நல்லா இருந்திச்சி."

புதன்கிழமை காலை சாம்சன் நீலக் கோட்டும் கறுப்புப் பேண்ட்டுமாகக் கோயிலில் நின்றான். அவனுக்கு முதுகில் இரண்டு ஊக்குதான் தேவைப்பட்டது. சோபியா அழவில்லை, தும்மவில்லை. பாஸ்டர் சுருக்கமாக ஜெபம் செய்தார். சம்மதமா என்று கேட்டபோது மட்டும் சாம்சன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். முதல் வரிசையில் சிட்டம்மாள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

சாம்சனும் சோபியாவும் இப்போது உத்திரமேரூரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் குடியிருக்கிறார்கள். ஒரு பெண் குழந்தை. சிட்டம்மாள் சர்ச்சுத் தெருவிலேயே இருக்கிறாள், வாரம் ஒரு முறை வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போகிறாள். வரதன் அதன் பிறகு இரண்டு கல்யாணங்களில் அழுதார், கர்ச்சீப்போடு போயிருந்தார். பிரகாஷ் குடிப்பதை நிறுத்தவில்லை. கனகா அதே கடையில் இருக்கிறாள். புருஷோத்தமனை யாரும் நேரில் பார்க்கவில்லை; அவர் ஓய்வு பெற்றுவிட்டதாகக் கனகா சொன்னாள். கோட்டு இப்போது சோபியாவின் பீரோவில் இருக்கிறது. சாம்சனுக்குப் பின் மூன்று பேர் போட்டார்கள். மூன்று முறையும் தாளில் உண்மை எழுதி வாங்கிய பிறகுதான் சோபியா அதைக் கடைக்கு அனுப்பினாள். பீட்டர் டை பூசுவதை விட்டுவிட்டார். முழுக்க நரைத்த தலையோடு, தலைக் குளிர்ச்சிக்கு என்று சொல்லி அதே தைலத்தை விற்கிறார். முன்பைவிடக் குறைவாக விற்கிறது. பிரிஸ்கில்லா தலையணைகளுக்கு வெள்ளை உறை வாங்கிப் போட்டிருக்கிறாள்.